ரேடியோ செட் வால்வு ஆம்ப்பில் கிட்டார்

பழைய வால்வு ஆம்ப்ளிபயர் வாங்கப் போகிறவர் சுவிட்சைத் தட்டுவதற்கு முன் அதைத் தூக்கிப் பார்க்க வேண்டும். இரண்டு கையாலும் தூக்கும்போது பெட்டி ஒரு பக்கமாகச் சாயும். சாய்கிற பக்கத்தில் டிரான்ஸ்பார்மர்கள் உட்கார்ந்திருக்கின்றன. அந்த ஆம்ப் எந்த இனம், எத்தனை வாட், எந்த ஸ்பீக்கருக்குக் கட்டியது, கிட்டாரைச் செருகினால் வாசிப்பவர் கைக்கு ஆபத்து உண்டா என்ற கேள்விகள் அத்தனைக்கும் பதில் அந்த எடையில் இருக்கிறது. முன்பக்கத்துப் பெயரிலும் கண்ணாடியில் அச்சடித்த எழுத்திலும் பதிலைத் தேடுகிறவர்கள் அதிக விலை கொடுத்து வேறு எதையோ வாங்கி வருகிறார்கள். எட்டயபுரம், விளாத்திகுளம், கோவில்பட்டி வட்டாரத்தில் ஒரு காலத்தில் கோவில் கொடைக்கும் கல்யாணத்துக்கும் ஓடிய ரேடியோ செட், அதாவது ஒலிபெருக்கி வால்வு ஆம்ப், இன்று கிட்டாருக்கு உதவுமா என்பதே இங்கே மதிப்பிட எடுத்துக்கொண்ட விஷயம். உதவும், நன்றாகவே உதவும் என்பது என் முடிவு. இரும்பை, அதாவது டிரான்ஸ்பார்மர்களைப் பார்த்து வாங்கினால் மட்டும்.

வால்வு ஆம்ப் என்றதும் கிட்டார்காரர்கள் மனத்தில் பெண்டர், மார்ஷல், வாக்ஸ் என்ற மூன்று பெயர்கள்தாம் வருகின்றன. அவற்றின் அருமையை நான் மறுக்கவில்லை. ஆனால் கரிசல் காட்டில் உட்கார்ந்துகொண்டு அவற்றைத் தேடுவது, இல்லாத ஊற்றுக்குக் கிணறு வெட்டுவது. தப்பித்தவறி ஒன்று கிடைத்தாலும் பெயருக்காக ஒரு விலை, வண்டிக்கூலிக்காக ஒரு விலை. அமெரிக்க உள்நாட்டு விற்பனைக்குச் செய்த பெண்டர் 117 முதல் 120 வோல்ட்டுக்குக் கட்டியது. ஸ்டெப் டவுன் இல்லாமல் நம் 230 வோல்ட்டில் செருகினால் கதை முடிந்தது. நம் கைக்கு எட்டிய வால்வு ஆம்ப் வேறு. டிரான்சிஸ்டர் வந்து வேலையைப் பிடுங்கிக்கொள்ளும்வரை கோவில் கொடை, வில்லுப்பாட்டு, கட்சிக் கூட்டம், டூரிங் டாக்கீஸ் எல்லாம் ஓடியது வால்வில்தான். 1940இல் டில்லியில் தொடங்கிய அகுஜாவின் செட்டுகள், ஊர் ரேடியோ மெக்கானிக்குகள் டிரான்ஸ்பார்மர் வாங்கித் தகரச் சேசிஸில் துளை போட்டுக் கட்டிய அசெம்பிள் செட்டுகள், தியேட்டர்களில் ஆர்சிஏ கருவிகள் என்று பல வகை. அடி மூடியைக் கழற்றினால் எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒரே குடும்ப முகம்: முன்னால் ஒன்றிரண்டு சிறு வால்வுகள், சைகையை இரண்டாகப் பிரிக்கும் ஒரு வால்வு, எதிரெதிராக இழுக்கும் ஒரு ஜோடி பெரிய வால்வுகள், கடைசியில் அவுட்புட் டிரான்ஸ்பார்மர். லண்டனில் மார்ஷல் கட்டியதும் இதே வரிசைதான்.

எட்டயபுரத்தில் சனிக்கிழமை கூடும் ஆட்டுச் சந்தையில் கிடாயை விலை பேசுகிறவர் முதலில் வாயைத் திறந்து பல்லைப் பார்க்கிறார். இரண்டு பல், நாலு பல் என்று எண்ணியதும் வயது தெரிந்துவிடுகிறது. ஆட்டின் பல்லை யாரும் கழற்றி மாட்ட முடியாது என்பதால் அந்தக் கணக்கு பொய்க்காது. பழைய ஆம்ப்பில் வால்வைப் பார்த்து வயது சொல்கிறவர்கள் இதே முறையைக் கையாள்வதாக நினைக்கிறார்கள். ஆனால் வால்வு கழற்றி மாட்டுவதற்கென்றே செய்த பொருள். பல்பு மாதிரி அது தேயும், தேய்ந்தால் மாற்றுவார்கள். ஒரு சீசனில் இருபது கொடைக்கு ஓடிய செட்டில் முதலில் போட்ட ஜோடி இன்னும் இருந்தால் அது அதிசயம். 1954இல் பெங்களூரில் தொடங்கிய பாரத் எலெக்ட்ரானிக்ஸ் பின்னர் இங்கேயே வால்வு தயாரித்தது. அதன் முத்திரையுள்ள இஎல்84 ஒன்று ஆம்ப்பில் இருந்தால் அந்த வால்வு இந்தியாவில் செய்தது என்று தெரியும். ஆம்ப் எங்கே செய்தது என்று தெரியாது. பிரிட்டனில் செய்து கப்பலில் வந்த பெட்டியாகவும் அது இருக்கலாம்.

வால்வின் மேலுள்ள குறியீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். மல்லார்டு, பிலிப்ஸ் வால்வுகளின் கண்ணாடி அடியில் மங்கலாக இரண்டு வரி பொறித்திருக்கும். முதல் வரி வகையையும் மாற்றத்தையும் சொல்லும். இஎல்34 என்றால் எக்ஸ்எஃப்1, எக்ஸ்எஃப்2 என்று தொடங்கும். இரண்டாவது வரியின் முதல் எழுத்து தொழிற்சாலை. பி என்றால் இங்கிலாந்தின் பிளாக்பர்ன். அடுத்து வருவது ஆண்டின் கடைசி இலக்கம் மட்டும். 8 என்று இருந்தால் 1958ஆ 1968ஆ என்று முதல் வரியை வைத்துத்தான் ஊகிக்க வேண்டும். பெண்டரில் நிலைமை சற்று மேல்: பெட்டிக்குள் ஒட்டிய வால்வு அட்டவணைத் தாளில் இரண்டு எழுத்து முத்திரை இருக்கும், முதல் எழுத்து ஆண்டு, இரண்டாவது மாதம். என்சி என்றால் 1964 மார்ச். வால்யூம் கட்டுப்பாட்டின் முதுகில் 137 என்று தொடங்கும் எண் இருந்தால் அதைச் செய்தது சிடிஎஸ் நிறுவனம். பின்னால் வரும் எண்கள் ஆண்டும் வாரமும். இதையெல்லாம் படிக்கத் தெரிந்திருப்பது நல்லதுதான். ஆனால் ஒவ்வொன்றும் அந்தந்த உறுப்பின் பிறந்த நாளை மட்டுமே சொல்கிறது. தாளை வேறு பெட்டியில் ஒட்டலாம், வால்யூமை மாற்றலாம். பெண்டரை அறிந்தவர்களும் கடைசியில் டிரான்ஸ்பார்மரின் எண்ணோடு மற்ற எண்கள் ஒத்துப்போகின்றனவா என்றுதான் பார்க்கிறார்கள். அதிலும் 606 என்று தொடங்கினால் ஷூமாக்கர் நிறுவனம் செய்தது. மற்றவை சாட்சிகள். அவற்றின் வாக்குமூலத்தை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய மூல ஆவணம் இரும்பு.

நம் ரேடியோ செட்டில் இப்படிப்பட்ட எண்கள் பெரும்பாலும் இருக்காது. முன்பக்கப் பெயர்த் தகடு இரண்டு திருகில் நிற்பது. ஒரு செட்டிலிருந்து கழற்றி இன்னொன்றில் மாட்ட ஐந்து நிமிடம் போதும். அசெம்பிள் செட்டில் பெரிய கம்பெனியின் தகடு இருப்பதில் ஏமாற்றும் நோக்கம் எப்போதும் இருந்தது என்றும் சொல்ல முடியாது. பெட்டி நசுங்கினால் இருக்கிற பெட்டியில் சேசிஸைப் போட்டுக் கொடைக்கு ஓடியாக வேண்டும். எனக்கு உறுத்துவது, அந்தத் தகட்டை மட்டும் காட்டி இன்று ‘ஒரிஜினல்’ என்று விலை சொல்வது. மூடியைக் கழற்ற விடாத விற்பனையாளரிடம் பேரம் பேசாமல் திரும்பிவிடுவது நல்லது. 1961இல் நின்றுபோன தூத்துக்குடி முத்துக்குளிப்பில் சிப்பிகளைப் பிளக்காமலே ஆயிரம் கணக்கில் ஏலம் விட்டார்கள். எடுத்தவனுக்கு முத்தும் கிடைக்கலாம், வெறும் ஓடும் கிடைக்கலாம். அங்கே திறந்து பார்க்க வழியில்லை. இங்கே நான்கு திருகைக் கழற்றினால் போதும்.

திறந்ததும் பார்க்க வேண்டிய முதல் இரும்பு மெயின் டிரான்ஸ்பார்மர். அது இருக்கிறதா இல்லையா என்பதே முதல் கேள்வி. பழைய வால்வு ரேடியோக்களில் ஏசியிலும் டிசியிலும் ஓடும்படி மெயின் டிரான்ஸ்பார்மரே இல்லாமல் கட்டியவை ஏராளம். அவற்றில் சேசிஸ் நேரே மின் இணைப்பின் ஒரு கம்பியோடு சேர்ந்திருக்கும். பிளக்கைத் திருப்பிச் செருகினால் சேசிஸே உயிருள்ள கம்பி. ரேடியோவில் மரப்பெட்டியும் பேக்கலைட் குமிழும் ஆளைக் காப்பாற்றின. கிட்டாரில் அந்தப் பாதுகாப்பு கிடையாது, ஏனென்றால் தந்திகளும் பிரிட்ஜும் கேபிளின் உறை வழியாகச் சேசிஸோடு இணைந்தவை. வாசிப்பவர் பத்து விரலாலும் சேசிஸைத் தொட்டுக்கொண்டிருக்கிறார் என்று பொருள். ஐரோப்பிய வால்வுப் பெயரின் முதல் எழுத்து இதை எச்சரிக்கும். இ என்றால் இழைக்கு 6.3 வோல்ட், அதற்கு டிரான்ஸ்பார்மர் தேவை. யூ என்றால் 100 மில்லி ஆம்பியரில் வரிசையாகக் கோத்து நேரே மின்சாரத்தில் எரிய விடும் வகை. யூஎல்84, யூசிஎல்82 என்று கண்டால் அதில் கிட்டாரைச் செருகவே கூடாது. விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் கூடாது. வால்வின் பெயர் உண்மையாக உதவுகிற இடம் இது ஒன்றுதான் என்பேன், அதுவும் இரும்பு இல்லை என்று சொல்வதன் மூலம்.

மெயின் டிரான்ஸ்பார்மர் இருந்தாலும் வேலை முடியவில்லை. பழைய செட்டுகள் இரண்டு முள் பிளக்கில் ஓடியவை, எர்த் கிடையாது. மெயின் கம்பியிலிருந்து சேசிஸுக்கு ஒரு சின்னக் கண்டென்சர் போட்டிருப்பார்கள். அது ஷார்ட் ஆனால் சேசிஸ் முழுக்க 230 வோல்ட். அதை வெட்டி எடுத்துவிட்டு மூன்று முள் பிளக்கோடு ஒயர் போட்டு, சேசிஸில் எர்த்தைத் திருகிக் கட்டிய பிறகுதான் வேறு எந்தச் சோதனையும். பழமை கெடுகிறதே என்று இதற்கு மனம் குறைபடுகிறவர்கள் உண்டு. உயிரைக் கொடுத்துக் காக்க வேண்டிய பழமை எதுவும் இரண்டு முள் பிளக்கில் இல்லை. பிறகு எல்லா வால்வையும் கழற்றிவிட்டு, வைண்டிங் கடைகளில் இருக்கும் சீரிஸ் போர்டில் 100 வாட் குண்டு பல்பின் வழியாக மின்சாரம் கொடுக்க வேண்டும். பல்பு ஒருமுறை மின்னி மங்கினால் டிரான்ஸ்பார்மர் நலம். பளிச்சென்று எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிவிட்டன. உள்ளே 300 முதல் 450 வோல்ட் வரை டிசி நடமாடும், நிறுத்திய பிறகும் கண்டென்சர்களில் தங்கும். 807 போட்ட செட் என்றால் இன்னும் கவனம் வேண்டும். அந்த வால்வின் தலையில் தெரியும் தொப்பிதான் அதன் ஆனோடு, முழு வோல்ட்டும் அங்கே வெளியே நிற்கிறது. இந்த வேலை பழகாதவர்கள் பழகியவரைக் கூட வைத்துக்கொள்ளாமல் தொடக் கூடாது.

இரண்டாவது இரும்பு அவுட்புட் டிரான்ஸ்பார்மர். ஆம்ப்பின் ஜாதகமே இதில் எழுதியிருக்கிறது, படிக்க ஒரு சின்ன 12 வோல்ட் டிரான்ஸ்பார்மரும் மல்டிமீட்டரும் போதும். செட்டை மின்சாரத்திலிருந்து கழற்றி, வால்வுகளை எடுத்துவிட்டு, இரண்டு பெரிய வால்வுகளின் ஆனோடு கம்பிகளுக்கு நடுவே 12 வோல்ட் ஏசி கொடுத்து, ஸ்பீக்கர் முனைகளில் என்ன வருகிறது என்று அளக்க வேண்டும். 8 ஓம் முனையில் 0.38 வோல்ட் வந்தால் விகிதம் ஏறக்குறைய 31.6; அதன் வர்க்கம் 1000; எட்டால் பெருக்கினால் 8000 ஓம். இஎல்84 ஜோடி விரும்பும் சுமை அது, சுமார் 15 வாட். அதே முனையில் 0.58 வோல்ட் வந்தால் விகிதம் 20.7, சுமை 3400 ஓம் பக்கம். அது இஎல்34 ஜோடிக்குச் சுற்றிய இரும்பு. சாக்கெட்டில் இன்று 6எல்6 செருகியிருந்தாலும், ‘30 வாட்’ என்று முகப்பில் எழுதியிருந்தாலும், சுற்றியவர் மனத்தில் இருந்தது எது என்று இந்த எண் சொல்லிவிடுகிறது. வால்வுக்கும் இந்த எண்ணுக்கும் ஒத்துப்போகவில்லை என்றால் யாரோ இடையில் மாற்றியிருக்கிறார்கள்.

இன்னொரு முனையில் ‘100 வி’ என்று எழுதியிருக்கும். கிட்டார்காரர்களைக் குழப்புவதும் செட்டைப் பற்றி அதிகம் சொல்வதும் இந்த முனைதான். கோவிலில் இருந்து ஊர்க் கடைசி வேப்ப மரம் வரை நூற்றுக்கணக்கான அடி கம்பி இழுத்து நாலைந்து குழாய் ஸ்பீக்கரைக் கட்ட வேண்டும். 8 ஓமில் அனுப்பினால் பாதிச் சக்தி கம்பியிலேயே சூடாகிப் போய்விடும். அதனால் மின்வாரியம் உயர் அழுத்தத்தில் அனுப்புவது போல, முழுச் சத்தத்தில் 100 வோல்ட் வரும்படி ஏற்றி அனுப்பி, ஒவ்வொரு குழாயின் முதுகிலும் ஒரு சின்ன லைன் டிரான்ஸ்பார்மர் வைத்து இறக்கிக்கொண்டார்கள். அந்த முனையையும் மேலே சொன்ன முறையில் அளந்து பாருங்கள். 12 வோல்ட் கொடுத்தபோது 8 ஓம் முனையில் 0.58, 100 வோல்ட் முனையில் 2.9 வந்தால் இரண்டுக்கும் நடுவே ஐந்து மடங்கு, வர்க்கம் 25, ஆக 100 வோல்ட் முனையின் சுமை 200 ஓம். நூறின் வர்க்கத்தை இருநூறால் வகுத்தால் 50. இது 50 வாட் செட். பெயர்த் தகடு இல்லை, வால்வு இல்லை, கம்பெனி தெரியாது. ஆனாலும் எத்தனை வாட்டுக்குச் செய்தார்கள் என்பது கையில் இருக்கிறது. வேறு எந்த உறுப்பும் இவ்வளவு தெளிவாகப் பேசுவதில்லை. இதே கணக்கு எச்சரிக்கையும் தருகிறது: 200 ஓம் எதிர்பார்க்கும் முனையில் 8 ஓம் கிட்டார் ஸ்பீக்கரைக் கட்டினால் சுமை 25 மடங்கு தவறு. சத்தம் சோகையாக வரும், வால்வு வதைபடும். செட் மோசம் என்று பரணுக்குத் திரும்பிப் போகும் செட்டுகளில் பல, தவறான முனையில் கட்டியவை.

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் எழும். இது பேச்சுக்கும் பாட்டுத் தட்டுக்கும் செய்த கருவி, கிட்டாருக்குச் செய்ததல்ல; இதன் இரும்பு மலிவானது, ஹைபை தரம் கிடையாது. உண்மைதான், மலிவானதுதான். ஆனால் கிட்டாருக்கு என்ன வேண்டும் என்று பார்க்க வேண்டும். ஆறாவது தந்தியைத் திறந்து மீட்டினால் 82 ஹெர்ட்ஸ். அதற்குக் கீழே கிட்டாரில் இசை இல்லை. மேலே, 12 அங்குலக் கிட்டார் ஸ்பீக்கர் 5 கிலோஹெர்ட்ஸைத் தாண்டியதும் வேகமாகச் சரிகிறது. 20 ஹெர்ட்ஸ் முதல் 20 கிலோஹெர்ட்ஸ் வரை நேர்க்கோடாகப் போகும் விலை உயர்ந்த இரும்பு கிட்டாருக்குத் தேவையே இல்லை. மேலும் ஒரு கருவி எதற்குச் செய்யப்பட்டது என்பதே அதன் எல்லை என்றால் மார்ஷல் ஆம்ப்பே பிறந்திருக்காது. 1960களின் தொடக்கத்தில் மார்ஷல் பட்டறை தன் முதல் ஆம்ப்புக்கு முன்மாதிரியாகக் கொண்டது பெண்டர் பாஸ்மேன். பெயரே சொல்வது போல அது பாஸ் கிட்டாருக்குச் செய்தது. அமெரிக்காவில் போகன் கம்பெனியின் பள்ளிக்கூட, தேவாலய ஒலிபெருக்கி ஆம்ப்புகளைக் கிட்டாருக்கு மாற்றுவது இன்று பரவலான பழக்கம். எட்டயபுரத்துக்காரர்கள் இதற்கு வெளிநாட்டுச் சான்று தேடவும் வேண்டாம். ஐரோப்பியர் தாடையில் வைத்து நின்று வாசித்த வயலினைக் கர்நாடக இசைக்குக் கொண்டுவந்த பாலுசாமி தீட்சிதர் இந்த ஊர் அரண்மனை வித்துவானாக இருந்தவர். அவருடைய அண்ணன் முத்துசாமி தீட்சிதர் 1835இல் மறைந்ததும் இங்கேதான். கமகத்துக்கென்று செய்யாத கருவியைத் தரையில் உட்கார்ந்து, அதன் தலையைக் காலில் ஊன்றி, சுருதியை மாற்றிக் கட்டித் தமக்கு ஆக்கிக்கொண்டார்கள். மரத்தை இழைத்து வேறு கருவியாக்கவில்லை. சுருதியும் பிடிமுறையும் மாறின, பெட்டி அப்படியே இருந்தது.

ரேடியோ செட்டிலும் மாற்ற வேண்டியது அவ்வளவே. மைக் நுழைவாயில் சிலவற்றில் குறைந்த மின்தடைக்குக் கட்டியிருப்பார்கள். கிட்டாரின் பிக்கப்புக்கு முன்னால் 1 மெகா ஓம் இருந்தால்தான் மேல் ஸ்வரங்கள் மழுங்காமல் வரும். ஒரு ரெசிஸ்டன்ஸ் மாற்றும் வேலை. வற்றிப்போன பில்டர் கண்டென்சர்கள் எல்லாவற்றையும் புதிதாகப் போட வேண்டும். பெரிய வால்வுகளுக்கு முன்னால் உள்ள இணைப்புக் கண்டென்சர்களைத் தயங்காமல் மாற்ற வேண்டும். அவை கசிந்தால் வால்வின் கிரிட்டில் வேண்டாத பாசிட்டிவ் வோல்ட் ஏறி, தகடு சிவந்து, கடைசியில் அவுட்புட் டிரான்ஸ்பார்மர் வேகும். சில ரூபாய்க் கண்டென்சர் காப்பாற்றுவது அந்த இரும்பைத்தான். இத்தோடு நிறுத்த வேண்டும் என்பது என் பிடிவாதமான கருத்து. சேசிஸைத் துடைத்து வழித்து, எல்லாக் கம்பியையும் பிய்த்து எறிந்து, உள்ளே ஒரு மார்ஷல் சர்க்யூட்டைக் கட்டி, வெளியே பழைய முகப்பை வைத்து ‘விண்டேஜ்’ என்று சொல்வது எனக்குச் சகிக்கவில்லை. மார்ஷல் சர்க்யூட் வேண்டும் என்றால் புதுச் சேசிஸில் கட்டலாம், யாரும் தடுக்கவில்லை. அந்த மெக்கானிக் கட்டிய ஒழுங்கில் ஒரு ஓசை இருக்கிறது. அதை ஒருமுறை கூடக் கேட்காமல் அழிப்பது அவர் உழைப்புக்குச் செய்யும் அநியாயம்.

எங்கே கிடந்த செட் என்பதும் இரும்பில் தெரியும். எட்டயபுரத்திலிருந்து தூத்துக்குடி சுமார் 50 கிலோமீட்டர். ஆனால் அங்கே உப்பளக் காற்று, இங்கே கரிசல் வறட்சி. கடலோரத்து மாதா கோவில் திருவிழாக்களுக்கு ஓடி, கடற்கரைப் பக்கத்துக் கடையில் கிடந்த செட்டின் டிரான்ஸ்பார்மர் தகடுகள் ஒன்றோடொன்று துருவில் ஒட்டியிருக்கும்; உள்ளே காகிதக் காப்பில் உப்பீரம் ஏறியிருக்கும். வெளியே பளபளவென்று பெயிண்ட் அடித்திருந்தால் சந்தேகம் கூடத்தான் வேண்டும். கரிசல் பக்கத்துச் செட்டில் துரு குறைவு, புழுதி அதிகம். புழுதியைப் பிரஷ்ஷால் தட்டிவிடலாம், உப்பை அப்படி எடுக்க முடியாது. ஆகவே ஒரே விலையில் இரண்டு செட் இருந்தால் கரிசல் பக்கத்துச் செட்டுக்கே என் ஓட்டு. கடலோரத்துச் செட்டைத்தான் வாங்கியாக வேண்டும் என்றால், கம்பிகளைக் கழற்றி 500 வோல்ட் மெக்கரில் சுற்றுக்கும் இரும்புக்கும் நடுவே காப்பைச் சோதித்துவிட்டு வாங்குங்கள். எலெக்ட்ரீஷியன்கள் மோட்டாருக்குச் செய்யும் அதே சோதனை.

டிரான்ஸ்பார்மர் போனால் சுற்றிக்கொள்ளலாமே, ஊருக்கு ஊர் வைண்டிங் கடை இருக்கிறதே என்பது அடுத்த ஆட்சேபம். மெயின் டிரான்ஸ்பார்மருக்கு இது பெருமளவு சரி. சுற்று எண்ணிக்கையும் கம்பி அளவும் சரியாக இருந்தால் புதியதும் பழையதும் ஒன்றே. அவுட்புட் டிரான்ஸ்பார்மர் அப்படியல்ல. முதல் சுற்றை ஒரேயடியாகச் சுற்றி அதன் மேல் இரண்டாம் சுற்றைப் போட்டுவிட முடியாது. இரண்டையும் அடுக்கடுக்காக மாற்றி மாற்றிச் சுற்றி, இடையே காப்புத் தாள் வைத்து, இரண்டு பாதிகளும் சம எண்ணிக்கையில் வரும்படி பார்க்க வேண்டும். எத்தனை அடுக்கு, எந்த வரிசை என்பதில்தான் ஒவ்வொரு இரும்பின் குரலும் இருக்கிறது. பம்புசெட் மோட்டாரில் கைதேர்ந்தவர் இதைக் கற்றுக்கொள்ள முடியாது என்று சொல்ல மாட்டேன். பழைய சுற்றை அவிழ்க்கும்போது அடுக்கை எண்ணிக் குறித்துக்கொண்டால் முடியும். ஆனால் அப்படிச் சுற்றிய பிறகு அது வேறு ஆம்ப். வாசிக்க உதவும், பழைய ஆம்ப் என்று விலை கேட்க உதவாது. சுற்றின ஆம்ப்பைச் சுற்றினது என்று சொல்லி விற்பவரிடம் வாங்குவதில் தவறே இல்லை.

சரியான ஸ்பீக்கரும் புதுக் கண்டென்சரும் போட்ட செட்டைச் சில வாரம் தினமும் ஓட்டினால் தெரிவது என்ன? குறை முதலில்: ஹம். ரேடியோ செட்டில் இழைக் கம்பிகளை முறுக்காமல் இழுத்திருப்பார்கள், மெயின் இரும்பும் அவுட்புட் இரும்பும் ஒரே திசையில் பக்கம் பக்கமாக நிற்கும். ஐந்நூறு பேர் கூடிய கொடையில் அது யாருக்கும் கேட்காது. எட்டுக்குப் பத்து அறையில் கேட்கும். இழைக் கம்பியை முறுக்கி மூலையோடு இழுத்தால் பாதி குறையும், மீதியோடு வாழப் பழக வேண்டும். நிறை இதைவிடப் பெரியது. மெதுவாக மீட்டினால் தெளிவாகவும் அழுத்தி மீட்டினால் குரல் கட்டியது போலக் கரகரத்தும் அது விரலுக்குப் பணிகிறது. நடுவே குமிழைத் தொட வேண்டியதில்லை. சின்ன இரும்பு கீழ் ஸ்வரங்களில் சீக்கிரம் நிறைந்துவிடுவதால் அடித் தந்திகள் தடித்துப் பரவாமல் இறுகி நிற்கின்றன. மெல்லிசைக் குழுக்களின் பழைய ஒலிப்பதிவுகளில் கேட்கும் அந்த நடுப்பகுதி அழுத்தம் இதில் தானாக வருகிறது. இதையெல்லாம் கைபேசி அளவு டிஜிட்டல் பெட்டி செய்துவிடுகிறதே என்றால், மேடைக்கு மேடை பஸ்ஸில் போகிறவர் அதையே வைத்துக்கொள்ளட்டும், நான் மறுக்க மாட்டேன். பதினைந்து கிலோ இரும்பைச் சுமந்து பஸ் ஏறச் சொல்வது கொடுமை. வீட்டிலும் தேவாலயப் பாடகர் குழுவிலும் நிலையாக வைத்து வாசிப்பவருக்கு என் வாதம் வேறு: டிஜிட்டல் பெட்டியின் சிப் போனால் கம்பெனி இருக்கிறதா என்று தேட வேண்டும், இந்தச் செட்டில் கெடக்கூடிய ஒவ்வொன்றையும் சால்டரிங் அயர்னும் ஈயமும் மீட்டரும் வைத்திருக்கும் ஒருவர் ஊரிலேயே மாற்றித் தர முடியும்.

விலை பேசும்போது இரும்பை முதலில் வையுங்கள். இரண்டு டிரான்ஸ்பார்மரும் மேலே சொன்ன சோதனையில் தேறினால், வால்வே இல்லாவிட்டாலும் நல்ல விலை கொடுக்கலாம். வால்வு புதிதாகவே கிடைக்கிறது. அவுட்புட் போயிருந்தால் வால்வும் பெட்டியும் எவ்வளவு அழகாக இருந்தாலும் பாதிக்கு மேல் கொடுக்க வேண்டாம். சோதித்துப் பார்க்கப் போகும்போது ஒரு 8 ஓம் ஸ்பீக்கரைக் கையோடு கொண்டு போங்கள். ஸ்பீக்கர் கட்டாமல் வால்யூமைத் திருப்பினால் சுற்றில் வோல்ட் எகிறி, அத்தனை ஆண்டு தாங்கிய இரும்பு உங்கள் கண் முன்னாலேயே போய்விடும். 8 ஓம் முனை இல்லாமல் 100 வோல்ட் முனை மட்டும் உள்ள செட்டாக இருந்தால், பழைய குழாய் ஸ்பீக்கர்களின் முதுகில் இருந்த லைன் டிரான்ஸ்பார்மர்களில் பெரியதாக ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். சின்னது அடித் தந்தியில் திணறும். கடைக்காரருக்கு அது எதற்கென்று மறந்திருக்கலாம், பரணில் செட்டுக்குப் பின்னால் தனியாகக் கிடக்கும். கேட்காமல் வந்துவிட்டால் அடுத்த முறை பழைய இரும்பு எடுக்கிறவர் வரும்போது செம்புக்காக எடைக்குப் போய்விடும்.